டூப்ளிகேட் பதிவுகளைப் பிடிக்க விதி கற்கும்போது கடிவாளத்தை எங்கே போடுவது?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கணினி அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள்களைத் தொகுத்த கோரா தரவுத்தொகுப்பை எடுத்துக்கொண்டு, எந்தெந்த மேற்கோள்கள் ஒரே ஆய்வுக்கட்டுரையைக் குறிக்கின்றன என்று கண்டுபிடிக்க ஆல்கெமி என்ற மென்பொருளில் ஒரு மார்க்கோவ் லாஜிக் நெட்வொர்க், அதாவது ஒவ்வொரு விதிக்கும் ஓர் எடை வைத்து நிகழ்தகவு கணக்கிடும் மாதிரி (மாடல்), அமைத்திருக்கிறீர்கள். விதிகளை நீங்கள் எழுதித் தரவில்லை. டேட்டாவைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள். ராத்திரி முழுக்க ஓடி வந்த விதிகளில் மூன்றைக் காட்டியிருக்கிறீர்கள். தலைப்பில் ஒரு சொல் இருந்தால் இன்னொரு சொல்லும் இருக்கும் என்கிறது முதல் விதி. எந்த இரண்டு மேற்கோளும் ஒன்றல்ல என்கிறது இரண்டாவது. அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று என்றால் அ-வும் இ-யும் ஒன்று என்கிறது மூன்றாவது, அதுவும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய எடையோடு. "முடிவுப் பக்கத்தில் ஒரேகட்டுரை(அ, ஆ) மட்டும்தான் வரலாம் என்று சொல்ல என்ன சிண்டாக்ஸ்?" என்று கேட்கிறீர்கள். அதாவது 'இப்படி இருந்தால் இப்படி' என்ற விதியின் இரண்டாம் பாதியில் 'அ-வும் ஆ-வும் ஒரே கட்டுரை' என்பது மட்டும் வர வேண்டும். சிண்டாக்ஸ் கிடைத்தாலும் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். மூன்று விதிகளுக்கும் காரணம் வேறு வேறு. அதில் ஒன்று பிழையே இல்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கற்கும் நிரலை எதைத் தேட விடலாம், எதன் பக்கமே விடக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பல வருடங்களாகப் பதிவுகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் நோயாளிப் பட்டியல்கள், கொஞ்சம் நூலகப் பட்டியல்கள். ஆல்கெமியில் தொடங்கி, எடுத்துக்காட்டுகளிலிருந்து விதி கற்கும் கருவியான அலெஃப் வழியாக, எடையிட்ட விதிகளுக்கான இன்னொரு கருவியான பிஎஸ்எல் வரை வந்தவன். அந்த அனுபவத்தில் என் பதில் இது: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கற்கச் சொல்லாதீர்கள், அதைக் கையால் எழுதிக் கொடுங்கள். தெரியாததை மட்டும் கற்க விடுங்கள். கட்டுப்பாடுகள் எல்லாம் இந்தப் பிரிவினையைச் செய்வதற்கான கருவிகள்தான்.

முதல் விதியில் தொடங்குவோம். தலைப்புச் சொற்கள் உங்களுக்குக் கையில் இருக்கும் விஷயம், அவற்றை யாரும் ஊகிக்கத் தேவையில்லை. பிறகு ஏன் அவற்றைப் பற்றி விதி வருகிறது? ஸ்டான்லி காக், பெட்ரோ டொமிங்கோஸ் இருவரும் 2005-இல் வெளியிட்ட அமைப்புக் கற்றல் முறை, சூடோ-லைக்லிஹுட் என்ற மதிப்பின் (விதிகள் டேட்டாவுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் தோராய அளவு) எடையிட்ட வடிவத்தை உச்சப்படுத்துகிறது. ஒவ்வொரு பிரெடிகேட்டின் (ஒரேகட்டுரை(அ, ஆ) போன்ற உறவின்) பங்கையும் அதற்கு எத்தனை கிரவுண்டிங் (மாறிகளின் இடத்தில் நிஜப் பதிவுகளைப் போட்டுக் கிடைக்கும் வடிவங்கள்) இருக்கிறதோ அதால் வகுத்துவிடுவார்கள், எண்ணிக்கையில் பெரியது சின்னதை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் கோராவில் சொல் பற்றி மூன்று பிரெடிகேட், களம் (ஆசிரியர், தலைப்பு, இடம்) பற்றி மூன்று, 'ஒரே' என்று தொடங்குபவை நான்கு என்று வைத்தால் மொத்தம் பத்து. பத்துப் பேர் ஓட்டுப் போடும் கூட்டத்தில் ஒரேகட்டுரைக்கு ஒரே ஒரு ஓட்டு. நிரலைப் பொறுத்தவரை தலைப்புச் சொற்களை நன்றாக விளக்கும் விதியும் வெற்றிதான். அது உங்கள் பேச்சைக் கேட்காமல் போகவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. எனவே இங்கே மாற்ற வேண்டியது இலக்கு. எது கேள்வி, எது சான்று என்று பிரித்து, சான்று கொடுக்கப்பட்டால் கேள்வியின் நிகழ்தகவு என்ன என்பதை மட்டும் உச்சப்படுத்த வேண்டும். ஆல்கெமியின் எடை கற்கும் நிரலில் இப்படிப் பிரித்துச் சொல்ல வழி உண்டு. விதிகளைத் தேடும் கட்டத்தில்தான் சிக்கல், அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டாவது விதியைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இரண்டும் ஒன்றல்ல என்பது பார்க்க அபத்தமாக இருக்கலாம். ஆனால் இந்த மாதிரியில் விதி என்பது சட்டம் இல்லை. ஒரு விதி மீறப்பட்டால் அந்த நிலைமையின் நிகழ்தகவு எடைக்குத் தக்கபடி குறையும், அவ்வளவுதான். கோராவின் வழக்கமான பதிப்பில் 132 கட்டுரைகளுக்கு 1295 மேற்கோள்கள். ஜோடிகளாகப் பார்த்தால் 8,37,865. இதில் பெரும்பான்மை பொருந்தாத ஜோடிகள். 'சாதாரணமாக எதுவும் பொருந்தாது, பொருந்துகிறது என்று சொல்ல சாட்சி வேண்டும்' என்ற அடிப்படை நிலையைத்தான் அந்த ஒற்றை விதி சுமக்கிறது. புள்ளியியலில் இன்டர்செப்ட் என்பார்களே, அதேதான். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு விதிகள் அரைகுறையாகச் செய்ய முயலும், அவற்றின் எடைகள் கோணலாகும்.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் அது சரியான விதி. ஒருமை கடத்தப்படும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சூடோ-லைக்லிஹுட் எப்படிக் கணக்கிடுகிறது என்று பாருங்கள். ஒரு ஜோடி பொருந்துமா என்று ஊகிக்கும்போது, மற்ற எல்லா ஜோடிகளின் உண்மை விடையும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறது. பயிற்சியின்போது அது நிஜமாகவே தெரியும். ஒரு கட்டுரைக்குச் சராசரியாகப் பத்து மேற்கோள் இருக்கும் தொகுப்பில், அ-வும் இ-யும் ஒன்றா என்று கேட்டால் நடுவில் எட்டு ஆ-க்கள் நின்றுகொண்டு விடையைச் சொல்லிக்கொடுக்கும். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதிய பரீட்சை மாதிரி. தலைப்பு, ஆசிரியர் எதையும் பார்க்காமலே முழு மதிப்பெண். எனவே கடத்தல் விதிக்கு எடை ஏறிக்கொண்டே போகும். தலைப்பு ஒத்தால் பொருந்தும், ஆசிரியர் ஒத்தால் பொருந்தும் என்ற விதிகளுக்கு வேலையே இல்லாமல் எடை இளைத்துப்போகும். அப்புறம் சோதனை டேட்டா வருகிறது. அங்கே எந்த ஜோடியின் விடையும் தெரியாது, பார்த்து எழுதப் பக்கத்தில் யாரும் இல்லை. நீளமான ஊகச் சங்கிலி தேவைப்படும் இடங்களில் சூடோ-லைக்லிஹுட் காலை வாரும் என்பது பழைய, நன்கு தெரிந்த பாடம். டூப்ளிகேட் பொருத்தத்தில் அது மிக அசிங்கமாகத் தெரியும். பயிற்சியில் மதிப்பு பிரமாதமாக இருந்து, சோதனையில் எல்லாம் தனித்தனி என்றோ எல்லாம் ஒன்று என்றோ முடிவு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த விதியைத்தான்.

ஆகவே தேடலின்போது ஒரு விதிக்குள் விடை தெரியாத பிரெடிகேட் ஒன்றுக்கு மேல் வரக் கூடாது. இதுதான் நீங்கள் கேட்ட 'முடிவுப் பக்கத்தில் ஒரேகட்டுரை மட்டும்' என்பதன் முழுமையான வடிவம்: முடிவுப் பக்கத்தில் அது மட்டும் வரட்டும், நிபந்தனைப் பக்கத்தில் அது வரவே வேண்டாம். இப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாகக் கணக்கிடக்கூடியதாகிறது. மாதிரி, சான்றுகளின் எடைகளைக் கூட்டி நிகழ்தகவாக மாற்றும் எளிய லாஜிஸ்டிக் ரிக்ரெஷனாகச் சுருங்குகிறது, ஊகம் துல்லியமாக நடக்கிறது. 1969-இல் ஃபெலேகியும் சன்டரும் கனடாவின் புள்ளியியல் துறையில் இருந்தபோது எழுதிய பதிவு பொருத்தக் கோட்பாட்டோடும் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. களம் களமாக எடை போட்டுக் கூட்டு, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் பொருத்தம் என்பதுதானே அது.

கடத்தல் விதியை எங்கே வைப்பது என்றால், கற்றல் முடிந்த பிறகு கையால் சேர்க்க வேண்டும். அப்போதும் கணக்குப் பார்த்துச் சேருங்கள். மூன்று மாறிகள் கொண்ட விதி 1295 மேற்கோள்கள் மேல் விரிந்தால் கிட்டத்தட்ட 217 கோடி கிரவுண்டிங். உங்கள் நிரல் ராத்திரி முழுக்க ஓடியதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பரக் சிங்லாவும் டொமிங்கோஸும் 2006-இல் மார்க்கோவ் லாஜிக்கைக் கொண்டு இதே கோராவில் வேலை செய்தபோது, மலிவான ஓர் ஒப்பீட்டால் மேற்கோள்களை ஒன்றன்மேல் ஒன்று கவியும் குழுக்களாகப் பிரித்து, ஒரே குழுவில் வராத ஜோடிகளைப் பொருந்தாதவை என்று முன்கூட்டியே ஒதுக்கினார்கள். கேனப்பி என்று அதற்குப் பெயர். அதுபோக, ஒருமைக்கான அடிப்படை விதிகளை, அதாவது தனக்குத்தானே ஒன்று, இரு திசையிலும் ஒன்று, கடத்தப்படும் என்பவற்றை, அவர்கள் கற்க விடவில்லை, எழுதித்தான் கொடுத்தார்கள். 

இப்போது விதிகளைத் தேடும் கட்டம். ஹுயின், மூனி இருவரும் 2008-இல் காட்டிய வழியைத்தான் நானும் பின்பற்றுகிறேன். முதல் படியில் அலெஃப் போன்ற ஓர் இண்டக்டிவ் லாஜிக் கருவியைக் கொண்டு நிறைய விதிகளைத் தாராளமாக உற்பத்தி செய்வது. இரண்டாம் படியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடை கற்கும்போது எல்1 அபராதம் (சின்ன எடைகளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளும் கழிவு) போட்டு, எடை பூஜ்ஜியமாகும் விதிகளைக் கழித்துவிடுவது. முதல் படியில் லாஜிக் கருவியின் கட்டுப்பாட்டு வசதிகள் அத்தனையும் உங்கள் கைக்கு வருகின்றன. மார்க்கோவ் லாஜிக் கருவிகளில் மாறிகளின் எண்ணிக்கை, விதியின் நீளம் போன்ற முரட்டு வரம்புகளைத் தாண்டி அதிகம் கிடைக்காது.

அலெஃபில் மூன்று இடங்களில் கடிவாளம் இருக்கிறது. எந்த பிரெடிகேட்டை விளக்க எந்த பிரெடிகேட்டைப் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பது முதலாவது. அங்கே ஒரேகட்டுரையை ஒரேகட்டுரையாலேயே விளக்கலாம் என்று அறிவிக்காமல் விட்டாலே கடத்தல் விதி கதவுக்கு வெளியே நின்றுவிடும். இரண்டாவது, மோடு அறிவிப்பு. ஒவ்வோர் இடத்திலும் கூட்டல் குறி போட்டால் ஏற்கெனவே விதியில் இருக்கும் மாறி மட்டும் வரலாம், கழித்தல் குறி போட்டால் புது மாறி வரலாம், # போட்டால் மாறிலி. ஆசிரியர்(+மேற்கோள், -பெயர்) என்று எழுதினால், கையில் இருக்கும் மேற்கோளிலிருந்து பெயருக்குப் போகலாம், பெயரிலிருந்து வேறொரு மேற்கோளுக்குத் தாவ முடியாது. இந்த ஒரு வரி தேடல் பரப்பை எவ்வளவு சுருக்குகிறது என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். # குறியைச் சொற்களின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஒரு குறிப்பிட்ட சொல் இரண்டு தலைப்பிலும் இருந்தால் ஒரே கட்டுரை என்று அந்தத் தொகுப்பை மனப்பாடம் செய்த விதிகள் வரிசைகட்டி வரும்.

மூன்றாவது விதியின் நீளம். இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது. அலெஃபில் நீளத்தின் இயல்பு மதிப்பு 4, முடிவுப் பக்கத்தையும் சேர்த்து. ஒரேகட்டுரை(அ, ஆ) என்ற முடிவுக்கு, ஆசிரியர்(அ, க), ஆசிரியர்(ஆ, ங), ஒத்தபெயர்(க, ங) என்று மூன்று நிபந்தனைகள். எண்ணிப் பாருங்கள், சரியாக 4. அதாவது ஒரே ஒரு களத்தை ஒப்பிடும் விதிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. ஆசிரியரும் ஒத்து, தலைப்பும் ஒத்தால் என்ற விதிக்கு 7 வேண்டும். இயல்பு மதிப்பில் ஓட்டிவிட்டு, இரண்டு களம் சேர்ந்த விதி ஒன்றுகூட வரவில்லையே, டேட்டாவில் சத்தில்லை போல என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஒரு வாரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். நீளத்தை 7-க்கு உயர்த்தினால் தேடல் பூதாகரமாகும். அதைவிட, தலைப்புஒப்புமை(அ, ஆ, அளவு) என்று ஒப்பீட்டையே ஒரு பிரெடிகேட்டாக முன்கூட்டிக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். அளவு என்பது குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நான்கு மாறிலிகள் போதும், அங்கே # போடுவதில் தப்பில்லை. களத்துக்கு ஒரு நிபந்தனை என்று ஆகிவிடுவதால் அதே நீளம் 4-க்குள் மூன்று களங்கள் அடங்கும். ஆனால் இப்படிச் செய்தபின் லாஜிக்கின் பங்கு என்ன மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கட்டத்தில் ஒரு டிசிஷன் ட்ரீயும் ஏறக்குறைய இதே விதிகளைத் தரும். லாஜிக் தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது கடைசியில், விதிகளை ஒன்றோடொன்று கோக்கும்போதுதான்.

டைப்புகளைப் பற்றி, அதாவது ஒரு மாறி எந்த வகைப் பொருளைக் குறிக்கும் என்ற அறிவிப்பைப் பற்றி. தலைப்புச் சொல்லும் ஆசிரியர் சொல்லும் 'சொல்' என்ற ஒரே டைப்பாக அறிவிக்கப்பட்டிருந்தால், ஒன்றின் தலைப்பையும் இன்னொன்றின் ஆசிரியரையும் ஒப்பிடும் விதிகளைக் கருவி உருவாக்கிப் பார்க்கும். டைப்பைப் பிரித்தால் அது நின்றுவிடும். கோராவுக்கு இது சரி. ஆனால் இதையே வேதமாக எடுத்துக்கொண்டு முதல்பெயர், கடைசிப்பெயர் என்றும் டைப் பிரித்து நம் ஊர்ப் பட்டியலுக்குப் போனால் உதைதான். எஸ். முருகன் என்று ஒரு பதிவு, முருகன் எஸ் என்று இன்னொன்று, முருகன் செல்வராஜ் என்று மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இனிஷியல் என்பது அப்பா பெயர், அது முன்னால் நிற்கும், பின்னால் நிற்கும், விரிந்தும் நிற்கும். சாஃப்ட்வேரில் கடைசிப்பெயர் கட்டாயம் என்றால் பதிவு செய்பவர் எதையாவது போட்டு நிரப்புவார், சில சமயம் வெறும் புள்ளியைக்கூட. அங்கே இரண்டு பெயர்க் களங்களும் ஒரே டைப்பாக இருப்பதுதான் சரி, குறுக்கே ஒப்பிடும் விதிகள்தான் நமக்குத் தேவை. எந்த டைப்பைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது என்பதை டேட்டா எழுதப்பட்ட ஊரைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இதைவிட நுட்பமான ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல ஒரு சம்பவம். ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பட்டியலில் நாங்கள் கற்ற விதிகளில் மிக நன்றாக மதிப்பெண் வாங்கியது இது: போன் நம்பர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று என்றால் ஒரே குழந்தை. பயிற்சிக்கு எடுத்த ஜோடிகளில் அது ஒருமுறைகூடத் தவறவில்லை. உள்ளே போட்ட இரண்டாவது வாரம் ஒரு நர்ஸ் போன் செய்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒரே நாள்ல ஒரே ஊசி ரெண்டு தடவ போட்டதா காட்டுதே சார்?" இரட்டைக் குழந்தைகள். போன் ஒன்று, தேதி ஒன்று, அப்பா இனிஷியல் ஒன்று, தெரு ஒன்று. பயிற்சிக்கு எடுத்த ஜோடிகளில் ஓர் இரட்டையர்கூட இல்லை, அதனால் விதிக்குப் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்கு வைத்த மருந்து, எந்த விதியிலும் பெயர் ஒப்பீடு ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு.

இதை எழுதும்போது நான் ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். அலெஃபில் ஒரு விதியை வேண்டாம் என்று சொல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வெட்டுவது. வெட்டினால் அந்த விதியும் போகும், அதில் நிபந்தனை சேர்த்து வளரக்கூடிய எல்லா விதிகளும் போகும். மற்றொன்று, இதை முடிவான விதியாக ஏற்காதே என்று தடை போடுவது. தடை போட்ட விதி விடையாக வெளியே வராது, ஆனால் அதை வளர்த்துப் பார்க்கலாம். பெயர் இல்லாத விதியை நான் வெட்டிவிட்டேன். கிளையை வெட்டினால் காய் எங்கே வரும்? போன் நம்பரில் தொடங்கி அடுத்த படியில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டிய விதிகள் முளையிலேயே போய்விட்டன. ஆரம்பத்திலேயே பெயர் ஒப்பீட்டோடு பிறந்தவை மட்டும் மிஞ்சின. பொதுவாக இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 'இது இருக்கக் கூடாது' என்ற வகைக் கட்டுப்பாட்டுக்கு வெட்டலாம், ஏனென்றால் கூடாதது ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் மேலும் சேர்ப்பதால் அது மறையப்போவதில்லை. 'இது இருந்தே ஆக வேண்டும்' என்ற வகைக்குத் தடைதான் சரி, இன்று இல்லாதது நாளை சேரலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரட்டையருக்குப் பெயர் வைக்கும்போது ரக்ஷன், ரக்ஷிதா என்று தொடக்கத்தை ஒன்றாக வைப்பது நம் வழக்கம். பெயர் ஒப்பீட்டில் பரவலாகப் பயன்படும் ஜாரோ-விங்க்ளர் அளவை, தொடக்க எழுத்துகள் ஒத்தால் கூடுதல் மதிப்பெண் தரும். கட்டுப்பாடு போட்ட பிறகும் சில இரட்டையர்கள் ஒட்டிக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம். பாலினம் வேறானால் பொருந்தாது என்று ஒரு விதியைக் கையால் எழுதிச் சேர்த்தோம்.

எடைகளுக்கும் ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். தலைப்பு அதிகம் ஒத்தால் பொருந்தும் என்ற விதிக்கு நெகட்டிவ் எடை வந்தால், கூடப்பிறந்த இன்னொரு விதி அளவுக்கு மீறித் தூக்கியதை இது இறக்குகிறது என்று பொருள். பயிற்சியில் சரியாக இருக்கும், டேட்டா கொஞ்சம் மாறினால் இரண்டும் சேர்ந்து கவிழும். ஒப்புமை விதிகளின் எடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று நான் வரம்பு வைத்துவிடுவேன். பொருந்தாத ஜோடிகள் மிக அதிகம் என்பதால் நூற்றுக்கு ஒன்றை மட்டும் பயிற்சிக்கு எடுப்பதும் சகஜம். அப்படி எடுத்தால், மேலே சொன்ன அடிப்படை விதியின் எடையைக் கடைசியில் 100-இன் இயல் மடக்கை அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 4.6, பொருந்தாமையின் பக்கம் திருப்பித் தள்ள வேண்டும். மறந்தால் நிஜ டேட்டாவில் எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். ஜோடிகள் ஒன்றையொன்று சாராத எளிய மாதிரிக்குத்தான் இந்தத் திருத்தம் சரியாகப் பொருந்தும். பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது ஜோடிகளைக் குலுக்கிப் போடாதீர்கள். ஒரு கட்டுரையின் எல்லா மேற்கோள்களும் ஒரே பக்கம் போக வேண்டும்.

இதுவரை சொன்னதில் இலக்கு, கடத்தல் விதியின் கசிவு, கிரவுண்டிங் கணக்கு, வெட்டுவதற்கும் தடைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை எனக்கு உறுதி. இனி சொல்வது அபிப்பிராயம். விதி கற்றல் தேவையா என்பதிலேயே எனக்கு அரை மனதுதான். களங்கள் பத்துக்குள் இருந்தால், விஷயம் தெரிந்தவரோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து இருபது விதிகளை எழுதி, எடையை மட்டும் கற்பது பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது. நான் கற்றலை ஓட்டுவது, அந்த இருபதில் எதை மறந்தோம் என்று தெரிந்துகொள்ளத்தான். கடத்தல் விதியை மாதிரிக்குள் வைப்பதா, அல்லது ஜோடி முடிவுகளை வாங்கிவிட்டுத் தனியாகக் குழு பிரிப்பதா என்பதிலும் என் கருத்து டேட்டாவுக்கு டேட்டா மாறியிருக்கிறது. குழுக்கள் பெரியவையாக இருக்கும் கோரா மாதிரி இடத்தில் உள்ளே வைப்பது உதவும். ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகளே இருக்கும் நோயாளிப் பட்டியலில் அந்தச் செலவுக்கு வரவு குறைவு. நான் பழகியதெல்லாம் லட்சக்கணக்கான பதிவுகள் வரைதான், கோடிகளில் வேலை செய்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

பிஎஸ்எல்-க்கு மாறலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அங்கே உண்மை மதிப்பு பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓடும், எடை நெகட்டிவாகப் போகவே முடியாது, ஊகம் குவிவான ஆப்டிமைசேஷனாக (எங்கிருந்து தொடங்கினாலும் சிறந்த விடைக்கே போய்ச் சேரும் கணக்காக) இருப்பதால் வேகம். ஒப்புமை எண்களைத் துண்டு போடாமல் அப்படியே கொடுக்கலாம். ஆனால் கடத்தல் விதி அங்கே சாது. இரண்டு ஜோடிகளும் 0.9 என்றால் மூன்றாவது 0.8-க்குக் குறையக் கூடாது என்று அழுத்தும். இரண்டும் 0.6 என்றால் 0.2 இருந்தாலே திருப்தியாகிவிடும். சந்தேகமான ஜோடிகளை அது இணைக்காது. சில வேலைகளுக்கு அதுவே நல்லது.

ஒரேஇடம், ஒரேஆசிரியர் பிரெடிகேட்டுகளை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இடம் என்றால் கட்டுரை வெளியான மாநாடு அல்லது இதழின் பெயர். சோதனையின்போது இவற்றின் விடையும் உங்களிடம் இருக்காது என்பதால் இவையும் கேள்விப் பக்கம்தான், சான்றாக அறிவித்துவிடாதீர்கள். அடுக்கு அடுக்காகச் செய்யுங்கள்: சொற்களிலிருந்து ஒரேஇடத்துக்கு ஒரு தொகுதி விதிகள் கற்று, களங்களின் ஒப்புமையிலிருந்து ஒரேகட்டுரைக்கு இன்னொரு தொகுதி கற்று, இரண்டையும் இணைக்கும் விதிகளைக் கையால் எழுதுங்கள். அதில் ஒன்று, ஒரே கட்டுரை என்றால் வெளியான இடமும் ஒன்று என்பது. லாஜிக் மாதிரியின் அழகே இதில்தான் தெரியும். மாநாட்டின் முழுப்பெயரும் அதன் சுருக்கமும் எழுத்தளவில் ஒட்டவே ஒட்டாது, ஆனால் ஒரு கட்டுரை இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டால் அந்த அறிவு மற்ற எல்லா மேற்கோள்களுக்கும் பரவும். இந்த விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் முழு உறுதியான விதியாக, முற்றுப்புள்ளி வைத்து எழுதாதீர்கள். ஒருவர் ஒரு கட்டுரையை மாநாட்டின் பெயரில் மேற்கோள் காட்டியிருப்பார், இன்னொருவர் அதன் முந்தைய வடிவத்தைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப அறிக்கையாகக் காட்டியிருப்பார். விதி உறுதியானதாக இருந்தால் அந்த மாநாடும் அந்த அறிக்கை வரிசையும் ஒன்றாகிவிடும். அதே வரிசையில் அறிக்கையாக வந்து வேறொரு மாநாட்டில் வெளியான கட்டுரை ஒன்று இருந்தால் இரண்டு மாநாடுகளும் ஒன்று. நான் முதல்முறை ஓட்டியபோது கடைசியில் மொத்தத் தொகுப்புக்கும் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.